ரசிகர் கூடலில் உயிருள்ள விலங்குகள்: மலைப்பாம்பை மண்டபத்துக்கு அழைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன் | செவ்வாய், இரவு 9:12

நம் காமிக்ஸ், அனிமே ரசிகர் கூடல் ஓணம் விடுமுறையில் நடக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் பேசி, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு என்று மூன்று பக்கத்திலிருந்தும் 400 பேராவது வருவார்கள்.

இப்போது ஒரு சிக்கல். போன வாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பிறந்தநாள் விழாக்களுக்கும் மால்களுக்கும் உயிருள்ள விலங்குகளைக் கொண்டுபோய்க் காட்டுவது அவர் தொழில். இரண்டு பால் பைத்தான் மலைப்பாம்பு, ஒரு பச்சை இகுவானாப் பல்லி, ஒரு நீல மஞ்சள் மக்காவ் கிளி. நாள் முழுவதற்கும் 18,000 ரூபாய். தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆளுக்கு 50 ரூபாய் வாங்கினால் போட்ட பணம் மதியத்துக்குள் வந்துவிடும் என்று கணக்கையும் அவரே போட்டுக் கொடுத்தார். போனை வைக்கும் நேரத்தில், "வெள்ளை ஆந்தையும் ஏற்பாடு செய்யலாம், அதை மட்டும் தனியாகப் பேசிக்கொள்வோம்" என்றார்.

ஏற்பாட்டுக் குழுவில் ஐந்து பேர். மூவருக்கு முழுச் சம்மதம். மந்திரவாதி வேடத்தில் வருகிறவர்களுக்கு ஆந்தை கிடைத்தால் கசக்குமா? டிராகன் ராணியாக வரப்போகிற பெண் இகுவானாவுக்கு இப்போதே துண்டு போட்டு வைத்துவிட்டாள். எனக்கு இரண்டு மனம். எதிர்ப்பு என் தங்கை ஒருத்திதான். "நமக்கு வேடம் போடவும் தெரியும், கழற்றவும் தெரியும். அதற்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தக் கேள்வி மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

ஈரோட்டு மஞ்சள் | செவ்வாய், இரவு 9:30

பாம்பு வந்தால் நான் வரமாட்டேன். அறமெல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான்.

சட்டைப்பை வக்கீல் | செவ்வாய், இரவு 11:05

முதலில் அந்த ஆந்தை. இந்தியாவில் வாழும் எந்த ஆந்தையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். "தனியாகப் பேசிக்கொள்வோம்" என்று அவர் சொன்னதன் பொருள் அதுதான். ஆந்தை மண்டபத்துக்குள் வந்தால் அவரோடு சேர்த்து உங்களையும்தான் விசாரிப்பார்கள். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

மற்ற மூன்றும் வெளிநாட்டு விலங்குகள். பால் பைத்தான், பச்சை இகுவானா, நீல மஞ்சள் மக்காவ் ஆகியவை, அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2022இல் நம் சட்டத்தைத் திருத்தி இவற்றுக்காக நான்காம் அட்டவணை ஒன்றைச் சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 2024இல் விதிகளும் வந்தன. வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்; குட்டி பிறந்தாலும், செத்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். பாதிப்பேர் அந்தக் கேள்வியிலேயே காணாமல் போவார்கள்.

அடுத்தது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். விலங்குகளைக் காட்சிக்கு வைப்பவர் முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது அதன் 22ஆம் பிரிவு. காட்சி என்றால் என்ன என்பதை 21ஆம் பிரிவு சொல்கிறது: டிக்கெட் விற்றுப் பொதுமக்களை உள்ளே விடும் கேளிக்கை. நீங்கள் 100 ரூபாய் வாங்குகிறீர்கள் அல்லவா, நேராக அதற்குள் போய் விழுகிறீர்கள். இலவச நுழைவாக இருந்தால் இந்தப் பிரிவு தொடாது. அதே பாம்பு, அதே மண்டபம், அதே கூட்டம். டிக்கெட் கிழித்தால் ஒரு சட்டம், கிழிக்காவிட்டால் வேறு சட்டம். இந்தச் சட்டம் எவ்வளவு கிழடு என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். 11ஆம் பிரிவின்படி விலங்கைத் துன்புறுத்தினால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. உங்கள் செல்ஃபிக் கட்டணமே அதற்குச் சரியாக இருக்கிறது.

ஆகவே சட்டம் அனுமதிக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கை கேட்டது சட்டக் கேள்வியும் அல்ல.

வேலந்தாவளம் அக்கா | புதன், காலை 6:48

தம்பி, எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதற்குள் நான் மறுபக்கம் பேசிவிடுகிறேன். என் மகனுக்கு எட்டு வயதில் பாம்பு என்றாலே காய்ச்சல் வந்துவிடும். எங்களுடையது தென்னந்தோப்பு. பாம்பு இல்லாத நாளே கிடையாது. கோவையில் ஒரு கண்காட்சியில் இப்படித்தான் மலைப்பாம்பைக் கையில் கொடுத்தார்கள். பத்து நிமிடம் வைத்திருந்தான். அன்றோடு பயம் போய்விட்டது. இப்போது தோப்பில் சாரைப்பாம்பைக் கண்டால் கம்பெடுக்கும் ஆட்களை அவன்தான் தடுக்கிறான். "எலியைத் தின்னுகிற பாம்பை ஏன் அடிக்கிறீர்கள்" என்று பெரியவர்களிடம் சண்டை போடுகிறான். அந்த ஒரு மலைப்பாம்பு பத்து நிமிடம் கஷ்டப்பட்டிருக்கலாம். அதனால் எத்தனை சாரைப்பாம்பு பிழைத்தது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஊசிமருந்து | புதன், பிற்பகல் 2:15

நான் கால்நடை மருத்துவர். எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறிமாறிப் பணி செய்தவன். அக்காவின் மகனைப் பற்றிப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அதிலேயே எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பால் பைத்தான் என்பதில் உள்ள பால் நம் ஊர்ப் பால் அல்ல, பந்து. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. மிரண்டால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பயந்தால் என்ன செய்யும் என்பதையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் சுருண்டு கிடக்கும் அந்தப் பாம்பைப் பார்த்துத்தான் "எவ்வளவு சாதுவாக இருக்கிறது பாருங்கள்" என்கிறோம்.

மண்டபத்தில் ஏசி 22இல் ஓடும். பாம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. குளிர்ந்தால் மந்தமாகிவிடும். மந்தமானால் இன்னும் சாது. அதற்குப் புறச்செவியும் இல்லை, செவிப்பறையும் இல்லை. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது. உங்கள் மேடையில் பாட்டுப் போடும்போது ஒலிபெருக்கி தரையை உதைக்குமே, அந்த உதை முழுவதும் அதன் தாடைக்குள் இறங்கும். நாம் காதைப் பொத்திக்கொள்ளலாம். அது எதைப் பொத்தும்?

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே இரை போடமாட்டார்கள். விழுங்கிய பாம்பைத் தூக்கினால் கக்கிவிடும் என்பதற்காக. இதைப் பட்டினிக் கொடுமை என்று சிலர் எழுதுவார்கள். பாம்புக்கு அது பட்டினியே இல்லை. தப்பான காரணத்துக்காகத் திட்டினால் சரியான காரணமும் எடுபடாது.

கிளி வேறு கதை. மக்காவ் 50 வயதுக்கு மேலும் வாழக்கூடிய பறவை. கூட்டமாக வாழ்வது, ஆளை அடையாளம் வைத்துக்கொள்வது. தோளுக்குத் தோள் மாறும்போது இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்மணி சுருங்கி விரிய உட்கார்ந்திருந்தால், "படத்துக்கு நிற்கிறது" என்று பொருள் கொள்ளாதீர்கள். பறவைகள் நோயையும் பயத்தையும் மறைக்கும். காட்டில் அதை வெளியே காட்டிய பறவையைத்தான் பருந்து முதலில் எடுத்துக்கொண்டு போகும்.

இனி என் பயம். நம் வயல்களிலும் தோப்புகளிலும் கண்ணாடி விரியன் உண்டு. உடம்பில் வட்டவட்டப் புள்ளி, தடித்த உடல், மெல்ல நகரும். அதை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. ஏசி மண்டபத்தில் புள்ளி போட்ட பாம்பைத் தடவிப் பழகிய குழந்தை தோப்பில் அதே போன்ற ஒன்றைப் பார்த்தால் என்ன செய்யும்? அக்கா, உங்கள் மகன் சாரையைக் காப்பாற்றட்டும். ஆனால் எதையும் தொடாமல் காப்பாற்றச் சொல்லுங்கள். கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்போரின் எண்கள் இருக்கின்றன.

வேலந்தாவளம் அக்கா | புதன், பிற்பகல் 3:02

விரியன் விஷயம் நான் யோசிக்காதது. மகனிடம் இன்றே பேசுகிறேன். ஆனாலும் சொல்கிறேன் டாக்டர், பயத்தோடு இருந்த பிள்ளை கம்பெடுத்திருப்பான். அதையும் மறந்துவிடாதீர்கள்.

ஆனைக்கிறுக்கன் | புதன், இரவு 8:40

திருச்சூரில் பதினெட்டு வருடமாக இருக்கும் தமிழன் கேட்கிறேன். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பாம்புக்கு இவ்வளவு விசாரணையா? பூரம் திருவிழாவில் வண்ணக் குடைகளை மாற்றிக் காட்டும் குடைமாற்றத்துக்குப் பக்கத்துக்குப் பதினைந்தாக முப்பது ஆனை நிற்கிறது. வெயில், மேளம், வெடி. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இரண்டு ஆனைக்கு நடுவில் 3 மீட்டர், ஜனங்களிடமிருந்து 8 மீட்டர், தீவட்டியிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும் என்றது. டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று அதை நிறுத்திவைத்தது. நான் பூரத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனையின் கால் சங்கிலியைப் பார்த்து அழுதவனும் நான்தான். இரண்டும் உண்மை.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். 2023 பிப்ரவரியில் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் எந்திர ஆனையை நடையிருத்தினார்கள், அதாவது கோயிலுக்குக் காணிக்கையாக விட்டார்கள். பீட்டா அமைப்பும் நடிகை பார்வதி திருவோத்தும் சேர்ந்து கொடுத்தது. பத்தரை அடி உயரம், 800 கிலோ. தலை, காது, கண், வால் எல்லாம் அசையும். தும்பிக்கையால் தண்ணீரும் தெளிக்கும். முதலில் நான் சிரித்தேன். பக்கத்தில் போய் நின்றபோது ஒரு கிழவி அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கோயிலுக்கே அது போதும் என்றால், அட்டையும் தெர்மோகோலும் வைத்து உலகத்தையே செய்துவிடும் உங்கள் ரசிகர் கூட்டத்துக்கு நிஜ இகுவானா எதற்கு?

சந்தைப்பேட்டை | புதன், இரவு 10:21

பொள்ளாச்சிக்காரன் பேசுகிறேன். செவ்வாயும் வியாழனும் எங்கள் மாட்டுச் சந்தைக்கு வந்து பாருங்கள். அங்கிருந்து லாரியில் கோபாலபுரம், வேலந்தாவளம் வழியாக மாடுகள் எப்படி நின்றுகொண்டே போகின்றன என்று பாருங்கள். பிறகு உங்கள் கூடலில் மதியம் என்ன சாப்பாடு என்று சொல்லுங்கள். பிரியாணிதானே? வெட்டித் தின்னலாம், தோளில் வைத்துப் படம் எடுக்கக்கூடாது. நல்ல அறம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் | புதன், இரவு 10:34

பிரியாணிதான், அண்ணா. மறுக்கவில்லை. சாப்பாட்டுக்காவது பசி என்று ஒரு காரணம் சொல்லலாம். செல்ஃபிக்கு என்ன சொல்வது?

சந்தைப்பேட்டை | புதன், இரவு 10:41

பசிக்குச் சோறு போதும், தம்பி. பிரியாணி ருசிக்கு.

கொழிஞ்சாம்பாறைக்காரன் | புதன், இரவு 10:58

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

திண்ணைக் காவல் (நெறியாளர்) | வியாழன், காலை 7:00

ஜல்லிக்கட்டைப் பற்றி மட்டும் வந்த பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே போய் மல்லுக்கட்டுங்கள். இங்கே மண்டபம் மட்டும்.

சட்டைப்பை வக்கீல் | வியாழன், காலை 7:44

நெறியாளர் மன்னிக்கட்டும், ஒன்றே ஒன்று. 2014 மே 7ஆம் தேதி ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விலங்குகளின் ஐந்து சுதந்திரங்களைப் பற்றிப் பேசியது: பசி தாகம், உடல் அசௌகரியம், நோய் வலி, பயம் பதற்றம் இவற்றிலிருந்து விடுதலை, பிறகு தன் இயல்பான நடத்தையைக் காட்டும் சுதந்திரம். 1960களில் பிரிட்டனில் பண்ணை விலங்குகளுக்காகப் பிறந்த சிந்தனை. பின்னர் 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டதும் தனி இழை. ஆனால் அந்த ஐந்தாவதை மட்டும் மண்டபத்தில் பொருத்திப் பாருங்கள். ஒளிந்துகொள்வதுதான் பால் பைத்தானின் இயல்பு. ஒளிந்துகொண்டால் காட்சி கிடையாது. எதைக் கொடுத்தாலும் அந்த ஒன்றை மட்டும் உங்களால் கொடுக்க முடியாது.

இன்னொன்று, கேரளத்து நண்பர்களுக்கு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் பழக்கிக் காட்சி காட்டக்கூடாது என்ற மத்திய அரசு அறிவிப்பை எதிர்த்து சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டது கேரள உயர் நீதிமன்றத்தில்தான். 2000இல் தோற்றார்கள், அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். இந்திய சர்க்கஸ் வளர்ந்த தலச்சேரி இருக்கும் மாநிலத்திலேயே அந்தத் தீர்ப்பு வந்தது.

மூன்றாம் தலைமுறை | வியாழன், இரவு 11:50

இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். உங்களை அழைத்த ஆள் நானில்லை. ஆனால் அதே தொழில்.

என் தாத்தா கிளி ஜோசியக்காரர். கொழிஞ்சாம்பாறை, நெம்மாறை, கொல்லங்கோடு என்று வேல திருவிழாவுக்கும் பூரத்துக்கும் நடந்தே போவார். பச்சைக்கிளியை வைத்திருப்பது குற்றம் என்று எங்களுக்குச் சட்டத்தைப் படித்துக் காட்டியவர் யாரும் இல்லை. ஒருநாள் வந்தவர்கள் கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிட்டார்கள். இறக்கை வெட்டிய கிளி எங்கே பறக்கும்? எதிர்வீட்டுத் திண்ணையில் விழுந்தது. தாத்தா அதற்குப் பிறகு சீட்டுக்கட்டை எடுக்கவில்லை.

அப்பா பெட்டிக்கடை வைத்தார், தேறவில்லை. நான் கோவையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து இதற்கு வந்தேன். எங்கள் தெருவில் ஐம்பது ரூபாய்க் கிளி குற்றமாக இருந்தது. பங்களாவில் லட்ச ரூபாய் மக்காவ் அந்தஸ்தாக இருந்தது. அதனால் நானும் மக்காவுக்கு மாறினேன். பில் இருக்கிறது, பதிவு இருக்கிறது. இகுவானாவும் உண்டு. ஆந்தையை மட்டும் தொட்டதில்லை. கேட்டவர்கள் பலர்.

டாக்டர் எழுதியது எல்லாம் சரி. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு மாலில் ஆறு மணி நேரம் நின்றோம். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள் என்று நான்கு முறை போய்ச் சொன்னேன். "நீங்கள்தான் பொழுதுபோக்கு, உங்களுக்கு என்ன சத்தம்?" என்றார் நிகழ்ச்சிக்காரர். அன்று இரவு என் கிளி தன் மார்பு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. தினமும் என் வாயிலிருந்து கடலை வாங்கித் தின்னும் கிளி ஐந்து நாள் என் கையில் ஏறவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். வாடகை யார் கொடுப்பார்கள்? திரும்பப் போனேன்.

தடை செய்யுங்கள் என்று எழுதுவது எளிது. தடை செய்த பிறகு அந்தக் கிளி எங்கே போகும் என்று யாராவது எழுதியிருக்கிறீர்களா? அதைப் பறக்கவிட முடியாது. இது அமேசான் அல்ல. அதற்கு மாதம் நாலாயிரம் ரூபாய்க்குத் தீனி. என்னால் ஒன்று செய்ய முடியும்: தனி அறை, ஏசி இல்லாமல், பாட்டு இல்லாமல், ஒரு மணிக்கு இருபது நிமிடம், யாரும் தொடக்கூடாது. இப்படிக் கேட்டால் நானும் வருவேன். ஆனால் இதுவரை எந்த விழாக்காரரும் அப்படிக் கேட்டதில்லை. தொடமுடியாது என்றால் எதற்கு என்பார்கள்.

ஊசிமருந்து | வெள்ளி, காலை 6:10

மூன்றாம் தலைமுறை ஐயாவுக்கு வணக்கம். இந்த இழையிலேயே கனமான பதிவு உங்களுடையது. கிளி எங்கே போகும் என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. இருப்பதை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று வாங்காதீர்கள் என்பதற்கு மேல் என்ன சொல்ல? அதுகூட உங்கள் வாடகையைக் கட்டாது.

உங்கள் தனி அறை யோசனையில் பாதிக்கு நான் ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி, காட்சி முடிந்த பிறகு நடப்பது. ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் இகுவானாவை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தான். ஒரு நிகழ்ச்சியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. உள்ளங்கை அளவில் இருந்ததாம். வளர்ந்தால் ஐந்தடிக்கு மேல் போகும் என்று விற்றவர் சொல்லவில்லை. விடுதி அறையில் வெயில் இல்லை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் படாவிட்டால் அதன் உடம்பில் டி3 உண்டாகாது; டி3 இல்லாவிட்டால் கால்சியம் ஏறாது. நான் வாயைத் திறக்கப் பார்த்தபோது தாடை ரப்பரைப் போல வளைந்தது. பின்னங்கால்கள் விழுந்துவிட்டிருந்தன. பையன் அழுதான். கொடுமைக்காரன் அல்லன். அவன் காதலித்தது திரையில் பார்த்த டிராகனை. வீட்டுக்கு வந்தது வெயிலும் கீரையும் கேட்கிற ஓர் ஓணான்.

பிட்ஸ்பர்க் பொள்ளாச்சியான் | வெள்ளி, பிற்பகல் 1:33

டாக்டர் சொன்ன அந்தப் பையன் உலகம் முழுவதும் இருக்கிறான். ஒரு தொடரில் வந்த ஓநாய்களைப் பார்த்துவிட்டு ஹஸ்கி நாய் வாங்கி, பிறகு தெருவில் விட்டவர்கள் இங்கே ஏராளம். கடைசியில் 2017இல் அந்தத் தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜே "தயவுசெய்து வாங்காதீர்கள், காப்பகத்தில் இருப்பதைத் தத்தெடுங்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தோனேசியப் பறவைச் சந்தைகளில் ஆந்தைக்கு இப்போது "புருங் ஹாரி பாட்டர்" என்று பெயர், அதாவது ஹாரி பாட்டர் பறவை. நம் நாட்டில் ஆந்தை கடத்தலுக்கு மாந்திரீகம்தான் பெரிய காரணம். ஆனால் 2010இல் அதைப் பற்றிய அறிக்கை வெளியானபோது அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இந்தக் கதை மோகத்தையும் சேர்த்தே குறிப்பிட்டார். திரையும் வேண்டாம் என்றால், ஒரு செல்பேசி நிறுவன விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாய் நினைவிருக்கிறதா? கோவையில் எங்கள் தெருவிலேயே மூன்று வந்தன. சித்திரை வெயிலில் மூன்றும் மூச்சு வாங்கியது இன்னும் காதில் கேட்கிறது.

இங்கே பிட்ஸ்பர்க்கில் ஆந்த்ரோகான் என்று ஒரு கூடல் நடக்கும். விலங்கு வேடம் போடும் ரசிகர்களுடையது. நரி, ஓநாய், புலி என்று உடம்பு முழுவதும் மூடிய உடையில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் ஊர்வலம் போவார்கள். கூடவே விலங்கு நல அமைப்புக்கு நிதி திரட்டுவார்கள். விலங்கை அவ்வளவு நேசிக்கிறவர்கள் செய்வது, தாங்களே விலங்காவது. அந்த உடைக்குள் எவ்வளவு வேர்க்கும் என்று ஒரு நண்பன் சொன்னான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றித் தண்ணீர் குடிக்கத் தனி அறையே வைத்திருக்கிறார்களாம். மனிதனுக்கு அந்த அறை உண்டு.

அமெரிக்காவை ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். 1966ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இங்கே வெப்ப இரத்தப் பிராணிகளுக்கு மட்டும்தான். பாம்பும் இகுவானாவும் அதற்குள் வராது.

ஈரோட்டு மஞ்சள் | வெள்ளி, பிற்பகல் 1:50

சித்தூர்க்காரர்களுக்கு வேடம் புதிதா என்ன? கொங்கன்படைத் திருவிழா அன்று எங்கள் கொங்கு ராஜாவின் சேனையை வருடாவருடம் வேடம் கட்டித் தோற்கடிக்கிறீர்கள். நாங்களும் வந்து கைதட்டுகிறோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் | ஞாயிறு, இரவு 9:05

குழு கூடியது. ஆந்தைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிவுச் சான்று கேட்டதும் வக்கீல் சொன்னது போலவே அவர் குரல் மாறியது. மூன்றாம் தலைமுறை அண்ணாவிடம் தனிமடலில் பேசினேன். விலங்கு இல்லாமல் அவர் மட்டும் வருகிறார்: உரித்த பாம்புச் சட்டை, உதிர்ந்த மக்காவ் இறகுகள், தாத்தாவின் பழைய சீட்டுக்கட்டு. 3,000 ரூபாய் தருகிறோம். அதற்கு மேல் எங்களிடம் இல்லை. டிராகன் ராணி நுழைவுப் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டாள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் | (ஐந்து வாரம் கழித்து) திங்கள், காலை 5:20

கூடல் முடிந்தது. 370 பேர் வந்தார்கள். நல்ல செய்தி மட்டும் சொல்லிவிட்டுப் போக நினைத்தேன், மனம் வரவில்லை.

அண்ணாவின் மேசையில் ஒரே நேரத்தில் பத்துப் பேர்கூட நிற்கவில்லை. ஆறேழு குழந்தைகள் மட்டும் பாம்புச் சட்டையை விரலில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அங்கேயே கிடந்தன. பெரியவர்கள் "இதற்குள் இருந்த பாம்பு எங்கே?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். அண்ணா வருத்தம் காட்டவில்லை. ஆனால் நான் பார்த்தேன்.

வெட்கக்கேடு இனிமேல்தான். வினாடி வினாவில் வென்ற குழந்தைகளுக்குப் பரிசு என்று ஒரு நன்கொடையாளர் நாற்பது தங்கமீன் அனுப்பியிருந்தார், ஒவ்வொன்றும் கையகலப் பிளாஸ்டிக் பையில். காலை பத்து மணிக்கு வந்து மேடைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, மாலை ஐந்து வரை தொங்கியது. ஒரு வாரம் இங்கே பாம்பின் தாடையைப் பற்றி வாதாடிய எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. மேடையிலிருந்து பெயரை வாசித்துப் பையைக் கொடுத்தவனே நான்தான். தங்கை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

யாரும் வாங்கிக்கொள்ளாத பதினொன்று என் குளியலறை வாளியில் இருக்கின்றன. இரண்டு இரவே செத்துவிட்டன. மீதியைச் சித்தூர் ஆற்றில் விட்டுவிடலாமா?

ஊசிமருந்து | திங்கள், காலை 5:41

விடவே கூடாது. 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்து தப்பிய அராபைமா என்ற ராட்சத மீன் சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது நினைவில்லையா? வெளிநாட்டு மீனை ஆற்றில் விடுவது ஆற்று மீனுக்குச் செய்யும் துரோகம். முதலில் வாளியிலிருந்து பாதியை அகலமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர் அல்லது கிணற்றுத் தண்ணீர். இன்றைக்குத் தீனி வேண்டாம். செத்ததை உடனே எடுத்துவிடுங்கள்.

வேலந்தாவளம் அக்கா | திங்கள், காலை 6:03

தம்பி, எங்கள் தோப்பில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அப்பா கட்டியது, இப்போது மாடு இல்லை. மகன் நேற்றிலிருந்து தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறான். அவனும் ஒரு பை வாங்கி வந்துவிட்டான், உங்களிடம் சொல்லக் கூச்சம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கொண்டுவாருங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். பஸ்ஸில் வேண்டாம், குலுங்கும். மேலே போட ஒரு வலையும் வேண்டும், மீன்கொத்தி வரும்.

மூன்றாம் தலைமுறை | திங்கள், காலை 6:30

வலை என்னிடம் இருக்கிறது. நான்கு மணிக்கு நானும் வருகிறேன்.